எதற்கு இந்தக் கண்ணாடி?

தோழர்களே! கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினோம். பழைய காலத்து வடிவம். தடித்த கறுப்புச் சட்டம். அகன்ற சதுர முகம். கண்ணாடி வாங்கியதற்கு ஒரு கட்டுரையா, எதற்கு என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஏன், எதற்கு, எப்படி என்று கேட்கக் கற்றுக்கொடுத்த இயக்கத்தின் பிள்ளைகள் நாம். ஆயினும் அந்த 'எதற்கு' என்ற சொல், பகுத்தறிவின் பாசறையில் பட்டை தீட்டப்பட்ட அதே சொல், ஒரு நாள் நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே கிளம்பி ஓர் இளைஞரின் முகத்தில் சாட்டையாய் விழுந்தது. அதைக் கண்ணால் கண்டவர் நாம். கண்டது மட்டுமா? கைகொட்டிச் சிரித்தவரும் நாமே. ஐம்பது ஆண்டுக்குப் பின் அதே வடிவக் கண்ணாடியைத் தேடிப் புறப்பட்ட கதை இது.

பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில், கண்மாய் வற்றினால் கண்ணீரும் வற்றும் என்னத்தக்க கரிசல் சிற்றூர் ஒன்று நம் ஊர். ஆண்டு 1974; கோடை. நம் தந்தையார் கறுப்புச் சட்டைக்காரர். ஊரில் கிரகணம் என்று அடுப்பணைத்து அடைபட்டுக் கிடந்தபோது, நடுத்தெருவில் இலை விரித்துச் சோறு உண்டவர். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் சொல்வதற்கு முன்பே, புரோகிதரை விலக்கிப் பல மணங்களை முன்னின்று நடத்தியவர். கூடத்துச் சுவரில் கடவுள் படம் கிடையாது. பெரியார் படம் உண்டு. அத்தகைய வீட்டுத் திண்ணை அது என்பதை மறவாமல் மேலே படியுங்கள்.

ஊரின் கீழ்க்கோடியில் இருந்த குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போயிருந்தார். ஈராண்டு கழித்து ஊர் திரும்பினார். வெள்ளைச் சட்டை, முழுக்கால் சட்டை, கண்ணிலே கறுப்புக் கண்ணாடி. பர்மா பசாரில், கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது என்று பின்னர் அறிந்தோம். எங்கள் தெரு வழியே நடந்தார். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போக வேறு வழி இல்லை.

செய்தித்தாளிலிருந்து தலை தூக்கினார் தந்தையார்.

"ஏண்டா, உனக்கு எதுக்குடா இந்தக் கண்ணாடி?"

அவ்வளவுதான். அடிக்கவில்லை, உதைக்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை. கேள்வி ஒன்று கேட்டார், குரலைக்கூட உயர்த்தாமல். இளைஞர் நின்றார். விடை சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், மடக்கினார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கூசிய கண்களோடு வெயிலில் நடந்து போனார். திண்ணையோரம் நின்ற சிறுவராகிய நாம் சிரித்தோம். தந்தையாரும் சிரித்தார். அச்சிரிப்பில் எங்கள் வீட்டுப் பகுத்தறிவு முழுதும் கரைந்து போனதை அன்று நாம் அறியவில்லை.

அவர் நின்ற இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தவை என்ன தெரியுமா? ஒரு சுவரொட்டியில் அந்நாள் முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி, கறுப்புக் கண்ணாடியுடன். பக்கத்துச் சுவரொட்டியில் 1972இல் தனிக் கட்சி கண்ட எம்.ஜி.ஆர்., அவரும் கறுப்புக் கண்ணாடியுடன். நாடாண்டவரும் நாடாள இருந்தவரும் அணிந்திருந்த பொருளை நாட்டுக்கு மூட்டை சுமந்தவர் அணிந்தபோது, 'எதற்கு' என்று கேட்டது எம் திண்ணை! சுவரில் இருந்தால் கைதட்டு. தெருவில் வந்தால் கழற்றச் சொல். இதைவிடக் கொடிய நகைச்சுவையை எந்த நாடகத்திலும் நாம் கண்டதில்லை.

இது ஒரு தனி மனிதரின் தவறு என்று தந்தையாரின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நகர்ந்துவிடலாகாது. அக்கேள்விக்கு அந்த மண்ணில் ஆழமான வேர் உண்டு. 1930 டிசம்பரில் அதே இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியார் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராய் இருந்த ஹட்டன், சாதி பற்றிய தம் நூலில் அவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறார். பொன் நகை, வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. தலைமுடியைக் கத்தரித்து அழகு செய்யக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் கூடாது. பெண்கள் மேலாடை இடக்கூடாது, பூச்சூடக்கூடாது. இறுதியாக, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது. காலில் செருப்பு அணியக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டு சூன் திங்களில் எட்டுத் தடை பதினொன்றாய் வளர்ந்தது.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். நிலம் கேட்காதே, கூலி கேட்காதே என்பது வேறு. அவற்றில் பொருளாசை உண்டு, ஆதாயம் உண்டு. ஒருவன் குடை பிடித்தால் இன்னொருவனுக்கு என்ன நட்டம்? ஒருத்தி பூச்சூடினால் எவன் வீட்டு நெல் குறையும்? ஆயினும் தடுத்தார்கள். ஏனெனில் நிழலும் அழகும் தமக்கே உரியவை என்று எண்ணினார்கள். வெயில் எல்லோருக்கும் பொது. நிழல் மட்டும் சாதிச் சொத்து! 1930இல் குடை, 1974இல் கண்ணாடி. பொருள் மாறிற்று, பொறாமை மாறவில்லை.

இனித் தேடலுக்கு வருவோம். தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பழம் பொருள்களிடையே அந்த ஆண்டின் புகைப்படம் ஒன்று கிடைத்தது. அதே திண்ணை, அதே தந்தையார், அதே செய்தித்தாள். படத்தில் இல்லாத ஒருவர் நம் நெஞ்சில் நடக்கத் தொடங்கினார். அவர் உயிரோடு இருப்பதையும் ஊரிலேயே இருப்பதையும் விசாரித்து அறிந்தோம். கண்ணில் அறுவை செய்துகொண்டார் என்றும் கேள்வியுற்றோம். அன்று கழற்ற வைத்த கண்ணாடியை இன்று கையில் கொடுத்துவிட்டு வருவோம் என்று முடிவு செய்தோம். முடிவு எளிது, கண்ணாடி எளிதில் கிடைக்கவில்லை.

பழம் பொருள் தேடிய அக்காலச் சென்னைவாசி முதலில் போன இடம் மூர் மார்க்கெட்டு. அது 1985இல் தீக்கிரையாயிற்று. ஆகவே அவர் வாங்கிய இடத்துக்கே சென்றோம். பர்மாவில் வேரூன்றி வாழ்ந்து, அங்கிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் பிழைக்க வழியாய் 1960களின் இறுதியில் எழுந்தது பர்மா பசார். கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே இன்றும் அக்கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. கண்ணாடி இருந்தது, காலம் இல்லை. பழைய வடிவம் போல் வார்த்த புதிய நெகிழி. கையில் எடுத்தால் காகிதம் போல் கனமில்லை.

அவ்வடிவத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பனிவெளியில் வாழும் இனுயிட்டு மக்கள் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய பிளவிட்டுக் கண்ணுக்குக் காப்புச் செய்துகொண்டார்கள். கண் கூசுவது மனிதப் பொது என்பதற்கு அதுவே சான்று. 1929இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டிக் கடற்கரையில் சாம் பாஸ்டர் என்பார் மலிவுக் கறுப்புக் கண்ணாடி விற்கத் தொடங்கினார். வானூர்திகளை ஓட்டியவர்களின் கண் கூச்சத்தைத் தணிக்க எழுந்த கண்ணாடி, 1937இல் ரேபான் என்ற பெயரோடு பொதுமக்களிடம் வந்தது. கம்பிச் சட்டத்தை விட்டுத் தடித்த சட்டம் கொண்ட வேஃபேரர் என்னும் வடிவத்தை 1952இல் ரேமண்ட் ஸ்டெக்மன் வரைந்தார். அவ்வடிவத்தின் சாயலே பல நாட்டுச் சந்தைகளையும் சுற்றிவந்து, ஒரு துறைமுகத் தொழிலாளியின் சட்டைப் பைக்குள்ளும் இடம் பிடித்தது.

பாரிமுனைச் சந்து ஒன்றில், கண்ணாடிக் கடை வைத்திருக்கும் முதியவர் நம் குறையைத் தீர்த்தார். விற்காமல் தங்கிய பழைய சரக்கு என்று ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினார். தூசு தட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். அதேதான்! செல்லுலோஸ் அசிட்டேட்டுத் தகட்டை அறுத்து, இழைத்து, மெருகிட்டுச் செய்த சட்டம். கீல்கள் ஆணியடித்துப் பொருத்தப்பட்டவை. முகர்ந்து பார்த்தார். "காடி வாசனை வந்தா பிரேம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். இது நல்லா இருக்கு சார்" என்றார். அசிட்டேட்டு சிதையும்போது காடியின் புளிப்பு வாடை எழும் என்பது உண்மையே.

அடுத்து, நீலவிளக்கு ஒன்றை ஏற்றி ரூபாய்த் தாள்மேல் பிடித்தார். தாளின் எண்கள் ஒளிர்ந்தன. பழைய கண்ணாடி வில்லையை இடையே வைத்தார். எண்கள் அப்போதும் மினுங்கின. "பாத்தீங்களா? கறுப்பா இருக்கு, ஆனா தடுக்க வேண்டியதைத் தடுக்கலை" என்றார். புதிய வில்லையை வைத்தார், ஒளி அணைந்தது. இதில் உள்ள அறிவியல் எளியது. கதிரவனின் புறஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாதது. கறுப்பு நிறம் வெளிச்சத்தைக் குறைக்கிறது. வெளிச்சம் குறைந்ததும் கண்ணின் பாவை விரிகிறது. 400 நானோமீட்டர் வரையிலான கதிரைத் தடுக்கும் ஆற்றல் வில்லைக்கு இல்லையேல், விரிந்த பாவை வழியே தீங்கும் உள்ளே நுழையும். நிறம் கறுப்பாய் இருப்பதாலேயே காவல் என்று எண்ணிவிடக்கூடாது. இதைக் கேட்டபோது கறுப்புச் சட்டை அணிந்த எம் தந்தையாரின் முகம் ஏனோ நம் நினைவில் எழுந்தது.

புதிய வில்லை பொருத்தி வாங்கி, அணிந்து பார்த்தோம். மூன்று நாள் சென்னைத் தெருவில் அணிந்தே நடந்தோம். கடைக்காரர், "பழைய படத்துக் கதாநாயகன் மாதிரி இருக்கீங்க" என்றார். பேருந்தில் ஒரு சிறுமி நம்மைப் பார்த்துச் சிரித்தாள். நண்பர் ஒருவர் விலை கேட்டார். ஒருவரேனும், ஒரே ஒருவரேனும், 'உனக்கு எதற்கு?' என்று கேட்கவில்லை. கேட்கப்படாமல் இருப்பது எத்தகைய செல்வம் என்பதை அறுபது வயதைக் கடந்த பின்னர்த்தான் உணர்ந்தோம். பிறந்த நாள் முதல் அச்செல்வத்தில் புரண்டவர் நாம். ஆதலால் அதன் எடை தெரியவில்லை.

அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்ல வருகிறீர்களா? பொறுங்கள். 2012இல், இதே தமிழ்நாட்டில், அரசியல் தலைவர் ஒருவர் தாழ்த்தப்பட்ட இளைஞர்கள்மீது சாற்றிய குற்றம் யாது? ஜீன்ஸ் அணிகிறார்கள், டி-சட்டை அணிகிறார்கள், கூலிங்கிளாஸ் அணிகிறார்கள், பெண்களை மயக்குகிறார்கள் என்பதே. கண்ணாடி குற்றப்பத்திரிகையில் ஏறிற்று! 2023இல் குசராத்து மாநிலம் பனாஸ்காண்டா மாவட்டத்தில், நல்ல உடை உடுத்திக் கறுப்புக் கண்ணாடி அணிந்தார் என்பதற்காகத் தாழ்த்தப்பட்ட இளைஞர் ஒருவரை அடித்தார்கள், காக்க வந்த தாயையும் தாக்கினார்கள் என்று காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று. திண்ணைகள் தொலைவில் இருக்கலாம், கேள்வி ஒன்றுதான்.

ஊருக்குப் பேருந்து ஏறியபோது நம்மிடம் கண்ணாடி மட்டும் இல்லை, வாதமும் இருந்தது. வெயிலில் நாள் முழுதும் நிற்பவனுக்கே கண்புரையும் கண்ணில் சதை வளர்தலும் வரும் இடர் மிகுதி. ஆகவே கறுப்புக் கண்ணாடி குளிர்ந்த அறையிலும் குளிர்ந்த காரிலும் இருப்பவனைக் காட்டிலும் களத்துமேட்டில் நிற்பவனுக்கே முதல் தேவை. அன்று அவர் அணிந்தது ஆடம்பரமன்று, அறிவுடைமை! தந்தையார் கேட்ட 'எதற்கு'க்கு ஐம்பது ஆண்டு தாமதமாக விடை எழுதி எடுத்துச் சென்றோம். மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும் விடைதான்.

வேப்பமரத்தடியில் கட்டிலில் அமர்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. அன்று நம்மைச் 'சின்னய்யா' என்று அழைக்க வேண்டியிருந்தவர், "வாங்க தம்பி" என்றார். அச்சொல் நமக்குத் தேனாய் இனித்தது. நாம் "அண்ணே" என்று தொடங்கி, 1974ஐச் சொல்லி, மன்னிப்பைச் சொல்லி, பெட்டியைத் திறந்து, புறஊதாக் கதிர் வரையில் விளக்கி முடித்தோம். அமைதியாய்க் கேட்டார்.

"வெயிலுக்காகவா போட்டேன் தம்பி? எனக்கு அது அழகா இருந்துச்சு. அதான் போட்டேன்."

நம் வாதம் வாயடைத்தது. அவர் விடவில்லை.

"அன்னைக்கு உங்க அப்பா கேட்டாரு, எதுக்குன்னு. இன்னைக்கு நீங்க வந்து சொல்றீங்க, இதுக்குன்னு. இதை நீங்க மெட்ராசுல போட்டு நடந்தீங்களே, உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

இல்லை என்று தலையசைத்தோம். வேறென்ன செய்ய?

கண்ணாடியை வாங்கி அணிந்தார். பேரனின் கைப்பேசியில் முகம் பார்த்தார். பொக்கை வாய் திறந்து சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்களே வச்சுக்கங்க. பேரன்கிட்ட ரெண்டு இருக்கு. ஆஸ்பத்திரியில குடுத்தது வேற ஒண்ணு கெடக்கு" என்றார். நாம் சுமந்துவந்த பரிசின் கனம் ஒரே நொடியில் காற்றாய்ப் போயிற்று. பிறகு கேட்டார்:

"உங்க வீட்டுத் திண்ணை இருக்கா, இடிச்சிட்டாங்களா?"

"இருக்கிறது அண்ணே."

"அம்பது வருசமா அந்தத் தெருவுல போறேன், வர்றேன். அதுல ஒக்காந்து பார்த்தா தெரு எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியாது."

தோழர்களே! அந்த நொடியில் நாம் நாணினோம். பர்மா பசாருக்குப் போகத் தெரிந்தது. பாரிமுனைச் சந்தில் நுழையத் தெரிந்தது. 1952ஆம் ஆண்டு வடிவத்தைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தது. ஐம்பது ஆண்டாய்ச் சொந்த வீட்டுத் திண்ணையில் 'அமருங்கள்' என்று ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை! பரிசு கொடுப்பதில் ஒரு வசதி உண்டு. கொடுப்பவன் மேலேயே இருந்துகொள்ளலாம். பக்கத்தில் உட்கார வைப்பதில் அவ்வசதி இல்லை.

போனோம். இருவரும் அமர்ந்தோம். உள்ளிருந்து வந்த நம் அண்ணன் ஒரு கணம் வாயிற்படியில் நின்றார். பின்னர் வந்து எதிரில் உட்கார்ந்தார். அண்ணியார் தண்ணீர் கொண்டுவந்தார், நாங்கள் குடிக்கும் அதே எவர்சில்வர் டம்ளரில். கண்ணாடியைக் கழற்றாமலே அவர் தெருவின் இரு பக்கமும் பார்த்தார்.

"எப்படித் தெரிகிறது அண்ணே?"

"கறுப்பாத் தெரியுது" என்று சொல்லிச் சிரித்தார். இம்முறை நாமும் சேர்ந்து சிரித்தோம். இது வேறு சிரிப்பு.

இதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. ஒரு மாலைப்பொழுது, ஒரு திண்ணை, ஒரு டம்ளர், அவ்வளவே. ஆனால் இளைஞர் தோழர்களுக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 'எதற்கு' என்னும் கேள்வி கூரிய கத்தி. கோயிலை நோக்கி, கோட்டையை நோக்கி, சாத்திரத்தை நோக்கி, அதிகாரத்தை நோக்கிக் கேட்டால் அது பகுத்தறிவு. உழைத்து உண்பவன் அழகாய் உடுத்தும்போது அவனைப் பார்த்துக் கேட்டால் அதுவே ஆதிக்கம். தேவை என்று மெய்ப்பித்தால்தான் உரிமை என்பது பிச்சைக்காரச் சட்டம். மானமுள்ள மனிதன் பிடித்ததை அணிவான். பிடித்தது என்பதே போதுமான காரணம்.

கண்ணாடி இப்போது நம்மிடமே இருக்கிறது. வெயிலில் அணிகிறோம். மழைமேகம் மூடிய நாளிலும் சில வேளை அணிகிறோம். எதற்கு என்று கேட்கிறீர்களா? அழகாயிருக்கிறது, அதனால்தான்.